அழுகைக்குப் போட்ட மேளம்

"என் அழுகைக்கு எவனோ மோளம் போட்டிருக்கான்டி" என்றாள் அம்மா.

வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மெஸ் இருக்கிறது. அம்மா அங்கே காய் நறுக்குகிறாள். அன்று மதியம் பந்தி ஓய்ந்த நேரத்தில், பில் போடும் பெண் தன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று அம்மா தலையைத் தூக்கியிருக்கிறாள். அது அவளுடைய குரல். செத்துப்போன தம்பிக்காக அவள் வைத்த ஒப்பாரி. அதற்கு நடுநடுவே டமடமவென்று மேளம்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா, அது நீதான்னு?"

"எப்டிச் சொல்றது? அவ சிரிச்சிக்கினு இருக்கா."

நான் போனை எடுத்துத் தேடினேன். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஜிம்முக்குப் போய் உடம்பை முறுக்கேற்றிய ஒருவர், முன்னால் இருக்கும் தட்டைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு அழுவதுபோல் நடிக்கிறார். தட்டில் ஜாங்கிரி. அவருடைய வாய் அசைய, அம்மாவின் குரல் வருகிறது:

"ஒத்த ஜாங்கிரி கேட்டியே என் ராசா
சுகருன்னு மறுத்தேனே என் ராசா
சக்கரயும் நிக்கலியே, நீயும் நிக்கலியே..."

'நிக்கலியே' என்ற இடத்தில் மேளம் விழுகிறது. அந்த அடிக்குத் தோதாக அவர் தட்டைத் தள்ளிவிடுகிறார். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். இன்னும் இழுத்துப் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் நான்கு பெண்கள். ஒரு அலுவலகத்தில் பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் ஒருவர். ஒரு குழந்தைகூட. அதன் கையிலிருந்து சாக்லேட்டைப் பிடுங்குகிறார்கள், அது உதட்டைப் பிதுக்குகிறது, அம்மா பாடுகிறாள்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும். மாமா மில்லில் இருந்தவர். மில் மூடியபிறகு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாக இருந்தார். சர்க்கரை நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பார்க்கப் போன அம்மாவிடம் ஒரு ஜாங்கிரி வாங்கிவரச் சொன்னார். அம்மா திட்டினாள். "சாவறதுக்கு வழி கேக்கறியா" என்று சொன்னாள். அவர் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அம்மாவால் யாரிடமும் சொல்ல முடியாத அந்த விஷயத்தைத்தான் அவள் ஒப்பாரியில் சொன்னாள். ஒப்பாரியில் மட்டும்தான் அதைச் சொல்ல முடியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் பெண்கள் தோளில் தோள் போட்டு வட்டமாக உட்கார்ந்து அழும்போது எதையும் சொல்லலாம். மருமகள் சோறு போடவில்லை என்று மாமியார் சொல்லலாம். புருஷன் அடித்ததை, செத்த புருஷனையே பார்த்துச் சொல்லலாம். சொன்னதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், மறுநாள் அதை எடுத்துப் பேசவும் மாட்டார்கள். வீட்டுக்கு வந்து தலை முழுகினால் அதோடு சரி. சண்டை வந்து முடியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் பெண்கள்கூட, 'அன்னைக்கு சாவு வீட்டில் நீ சொன்னாயே' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்பது துப்பிய எச்சிலை அள்ளி எடுப்பதுபோல. அந்தத் தைரியத்தில்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

"இது போற வரிக்கும் நான் எந்த சாவுக்கும் போயி அழ முடியாதுடி" என்றாள். "எவ கையில போன் இருக்குமோன்னு பாத்துக்கினு இருப்பேன்."

"நான் எடுத்துடறேன்மா."

"முடியுமா?"

"முடியும்."

அதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போய், இப்போது ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறேன். கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, ஆதாரில் பிறந்த தேதி மாற்றுவது என்று எங்கள் தெருவில் எந்தக் காரியமாக இருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆங்கிலத்தில் வந்த எந்தக் காகிதத்தைப் பார்த்தும் நான் பயந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை.

முதலில் அண்ணனிடம் போனேன். மாமா இறந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் காகிதங்களுக்காகக் காத்திருந்தேன். படித்தவள் என்று என்னைத்தான் அனுப்பியிருந்தார்கள். வீட்டில் போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போட்டது அண்ணன். பிரான்சில் இருக்கும் பெரியம்மாவுக்காக. பெரியம்மா சொல்தா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். புருஷனோடு போய்ப் பல வருஷம் ஆகிறது. தம்பி முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அங்கிருந்து கதறினாள். இப்போதெல்லாம் புதுச்சேரியில் அரைவாசி சாவுகள் இப்படித்தான் கடல் தாண்டிப் போகின்றன.

அண்ணன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் மறுநாளே டெலிட் பண்ணிட்டேனே. அதுக்குள்ள எவனோ எடுத்து வெச்சிக்கினான் போல" என்றான்.

"ஏன் எல்லாரும் பாக்கற மாதிரி போட்ட?"

"பெரியம்மா பாஸ்வேர்ட மறந்துடுச்சு. யாரோ பக்கத்து வூட்டு ஆள் போன்ல பாத்துச்சு. பப்ளிக்ல போட்டாத்தான் தெரியும்னு சொன்னாங்க, போட்டேன். வேற எப்டிப் போடறது?"

"லிங்க் அனுப்பியிருக்கலாம். வீடியோ கால் பண்ணியிருக்கலாம்."

"ஆமா, எனக்கு எல்லாம் தெரியும் பாரு. எட்டாவது ஃபெயிலு. உன்ன மாதிரி காலேஜ் போயிருந்தா யோசிச்சிருப்பேன்." துணியை உதறினான். பிறகு, குரல் இறங்கி, "அம்மா ரொம்ப அழுவுதா?" என்று கேட்டான்.

"அழல. அதுதான் பிரச்சன."

அம்மாவுக்கு அவன்மேல் கோபம் இல்லை. லைவ் என்று அவன் சொன்னபோது அவள்தான் தலையாட்டினாள். டிவியில் கும்பாபிஷேகம் காட்டுவார்களே, அதுபோல என்று நினைத்திருக்கிறாள். நடக்கும்போது பார்ப்பார்கள், முடிந்ததும் முடிந்துவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதும் மற்ற எல்லாவற்றோடும் அதுவும் போய்விட்டது என்றே இருந்தாள். அக்கா பார்க்கிறாள் என்பதற்காக அன்று குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் அழுதாளாம். "அவளுக்கும் சேத்து அழுதேன்" என்றாள். பெரியம்மாவும் பிறகு போன் செய்து, "நான் அங்க உக்காந்த மாதிரியே இருந்துச்சுடி" என்று சொல்லியிருந்தாள். அதுவும் உண்மைதான். அந்தப் போன் இல்லாவிட்டால் பெரியம்மா தனியாக ஏதோ ஒரு குளிர்ந்த அறையில் சுவரைப் பார்த்து அழுதிருப்பாள்.

அந்த வீடியோக்கள் வரும் செயலியில் புகார் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. இந்தப் பதிவில் என்ன பிரச்சினை என்று கேட்கும். வன்முறையா, ஆபாசமா, ஏமாற்று வேலையா, பொய்ச் செய்தியா. சாவு வீடு என்று அதில் எதுவும் இல்லை. கிட்டத்தட்டப் பொருந்தியதைத் தொட்டேன். எங்கள் விதிகளுக்கு எதிராக இதில் எதுவும் இல்லை என்று உடனே பதில் வந்தது. வேறொன்றைத் தொட்டேன். அதே பதில், அதே சொற்களில். மனிதர் யாரும் அதைப் படிக்கவில்லை என்று தோன்றியது. படித்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று பிறகு புரிந்தது. ஜாங்கிரியைத் தள்ளிவைக்கும் ஒரு மனிதனில் என்ன தப்பு கண்டுபிடிப்பார்கள்?

காப்புரிமை என்று இன்னொரு வழி இருந்தது. அதில்தான் நம்பிக்கை வைத்தேன். படைப்பின் பெயர் என்ன என்று முதல் கேள்வி.

"அம்மா, உன் ஒப்பாரிக்கு ஏதாவது பேர் உண்டா?"

அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "அழுகைக்கு ஏதுடி பேரு?"

"யார் எழுதினதுன்னு கேக்கறாங்க."

"எழுதி வெச்சிக்கினா அழுவாங்க? வந்துது, சொன்னேன்."

"முன்னாடியே யாராவது பாடினதா, நீயே கட்டினதா?"

"ராசாங்கறது எங்கம்மா சொல்லும். சாமி சாமிங்கறது எல்லாரும் சொல்றது. ஜாங்கிரி மட்டும் என்னுது" என்றாள். சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

எழுதியவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். அசல் பதிவின் இணைப்பைக் கொடுங்கள் என்று பதில் வந்தது. அசல் பதிவு அண்ணன் அழித்த அந்த லைவ். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் அழித்தது, அது அம்மாவுடையது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. நகல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் 'அசல் ஒலி' என்று போட்டு, மேளம் சேர்த்தவருடைய கணக்கின் பெயர் இருந்தது.

அவருக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். இறந்தவர் என் மாமா, அழுவது என் அம்மா, தயவுசெய்து நீக்கிவிடுங்கள். கொஞ்ச நேரத்திலேயே பதில் வந்தது. "அக்கா, இது ஃபோக். ஃபோக் யாருக்கும் சொந்தமில்ல." கூடவே கைகூப்பும் பொம்மை. பிறகு இன்னொன்று: "வேணும்னா கிரெடிட் போடறேன். அம்மா பேர் என்ன?"

பெயரைச் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். குரல் யாருடையது என்று தெரியாமல் இருப்பது ஒன்றுதான் எங்களுக்கு மிச்சமிருந்த மறைவு. உபகாரம் செய்கிறவர்போல அதையும் கேட்டார் அவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தேன். பலர் பார்க்கவேயில்லை. சிலர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒருவர், "ஒங்க அம்மாவால எனக்கு ஃபாலோயர்ஸ் ஏறியிருக்கு, தேங்க்ஸ் சொல்லுங்க" என்றார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் மட்டும் அன்றைக்கே நீக்கிவிட்டு நீளமாக எழுதியிருந்தாள். அது உண்மையான ஒப்பாரி என்றே அவளுக்குத் தெரியாதாம், யாரோ காமெடிக்குப் பேசியது என்று நினைத்தாளாம். "எங்க பாட்டி சாவுல நானும் அழுதிருக்கேன். அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நல்ல பொண்ணு" என்றாள். "இன்னும் எத்தன பேர் இருக்காங்க?"

நான் ஒன்றை நீக்கவைப்பதற்குள் வேறு எங்கேயோ புதிதாக முளைத்திருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை.

தீபாவளி நெருங்கியபோது தவளக்குப்பம் சந்திப்பில் இருக்கும் ஒரு இனிப்புக் கடை தன் விளம்பரத்துக்கு அதை எடுத்துக்கொண்டது. ஜாங்கிரி எண்ணெயில் சுழல்கிறது, அம்மா அழுகிறாள், 'மறுக்காதீங்க, அள்ளிக்கிட்டுப் போங்க' என்று கொட்டை எழுத்து. இது நேரில் போய்க் கேட்கக்கூடிய தூரம். முகத்தைப் பார்த்துச் சொன்னால் மனிதர்களுக்குப் புரியும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். கடலூர் பஸ் ஏறிப் போனேன்.

கடைக்காரர் என் அப்பா வயதுக்காரர். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"அட, உங்க அம்மாவா? நெசமாவா? எங்க பையன்தான் போட்டான். செம ஓட்டம் ஓடுதும்மா."

"அது சாவு வீட்டுல அழுதது சார். எங்க மாமா செத்தப்போ."

"தெரியுதும்மா. அந்தக் கொரல்ல அப்டி ஒரு உருக்கம். வேற யாரு பேசினாலும் அது வராது." உள்ளே பார்த்து, "டேய், ஜாங்கிரி ஒரு பொட்டலம் கட்டு" என்றார். "அம்மாவுக்குக் குடுங்க. ஒரு நாள் அம்மாவக் கடைக்குக் கூட்டியாங்க. அவங்களயே வெச்சு ஒண்ணு எடுத்துடலாம். ஊரே வரும்."

"அத எடுத்துடுங்க சார். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"எல்லாரும்தான் போடறாங்கம்மா. நான் எடுத்தா மட்டும் நின்னுடுமா?"

அவர் கெட்டவர் இல்லை. பெரிய கௌரவம் ஒன்றைக் கொடுத்ததாகவே நினைத்தார். பொட்டலத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு இறங்கினேன். பின்னால் அவர் கடைப் பையனிடம், "அவங்க அம்மாவாம்டா" என்று சந்தோஷமாகச் சொல்வது கேட்டது. தீபாவளி முடிந்ததும் விளம்பரம் தானாகவே மாறியது.

அம்மா கேட்பதை நிறுத்தியிருந்தாள். முதலில் தினமும் வேலையிலிருந்து வந்ததும் கேட்பாள். பிறகு என் முகத்தை மட்டும் பார்ப்பாள். பிறகு அதுவும் இல்லை. மெஸ்ஸில் அது அம்மாதான் என்று ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெருவுக்கும் தெரிந்தது. யாரும் கேலி செய்யவில்லை. 'போன்ல வந்தவங்க' என்று சொல்லிக் கடையில் கொஞ்சம் வழிவிட்டார்கள், அவ்வளவுதான்.

தை மாதத்தில் எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் இறந்துபோனார். காலையில் வண்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவள். என் முதல் நேர்காணலுக்கு நான் போட்டுக்கொண்டு போன சுடிதாருக்குக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தவள். அம்மா சேலையைக்கூட மாற்றாமல் ஓடினாள். நானும் போனேன்.

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டி அழுதாள். "அக்கா, உங்க தம்பி போயிட்டாருக்கா" என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றியிருந்த பெண்கள் தோளில் கைபோட்டு நெருங்கினார்கள். இந்த இடத்தில் எடுத்துக்கொடுப்பது எப்போதும் அம்மாதான். அவள் ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்கு வழி கிடைக்கும். எல்லோரும் காத்திருந்தார்கள்.

அம்மா வாயைத் திறந்தாள். அவள் கண் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனது எனக்குத் தெரிந்தது. கதவோரம் நின்ற ஒருவர் போனைக் காதுக்குக் கொண்டுபோனார். பூமாலைக்குச் சொல்லத்தான், அது அவர் பேசியதும் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் அம்மா அதற்குள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொடுத்தாள், தடவிக்கொண்டே இருந்தாள். சத்தம் வரவில்லை.

"தயவுசெஞ்சு யாரும் போன் எடுக்காதீங்க" என்று நான் சொன்னேன். அலுவலகத்தில் பேசுகிற குரலில் வந்துவிட்டது.

"இங்க யாரும்மா எடுத்தா?" என்றார் ஒரு பெரியவர். யாரும் எடுக்கவில்லைதான்.

வேறொரு பெண் ஏதோ தொடங்கினாள், சேரவில்லை, நின்றுவிட்டது. பந்தலுக்கு வெளியே வந்தபோது இரண்டு பெண்கள் காலைக் கழுவிக்கொண்டே பேசியது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"பாத்தியா, ஒரு வார்த்த வரல."

"போன்ல அழுதா ஊரே கேக்கும். இஸ்திரிக்காரர் சாவுல அழுதா யாரு கேக்கப் போறா?"

நான் திரும்பினேன். சொல்வதற்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நடந்தாள். அவளுக்கு என்மேல் கோபமா என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

பால் தெளித்த மறுநாள் இஸ்திரிக்காரரின் மனைவியே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"எங்கூட்டுக்காரு உங்களுக்கு ஏதாச்சும் மனசு நோவற மாதிரி பேசிட்டாராக்கா?"

"அய்யய்யோ, அப்டிலாம் இல்லம்மா."

"உங்க கூடப்பொறந்த தம்பிக்கு அழுதீங்களே. அந்த வீடியோவ நானும் பாத்தேன். மோளம் இருக்கறதுல இல்லக்கா, மொதல்ல வந்தது. அப்பவே அவருகிட்ட சொன்னேன், நான் செத்தா எங்கக்கா இப்டித்தான் அழும்னு." சிரிக்கப் பார்த்தாள். "அவரு முந்திக்கினாரு. அவருக்கு ஒண்ணும் இல்லாம அனுப்பிட்ட மாதிரி இருக்கு. கருமாதிக்காவது ரெண்டு வார்த்த சொல்லுக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு, எடுத்தாச்சா என்று கேட்கும் அந்தப் பழைய பார்வை. அன்று காலை பஸ்ஸில் போகும்போதுதான் போனில் புதிதாக ஒன்றைப் பார்த்திருந்தேன். எந்த ஊரோ தெரியவில்லை, ஒரு பள்ளிக்கூட விழா மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று அம்மாவின் அழுகைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று நான் தலையசைத்தேன்.

"காபி ஆறுது, குடி" என்றாள் அம்மா அவளிடம்.